விடுதிக்குப் போன பிள்ளை வேறு ஆளாகத் திரும்பும்போது

ஒரு தாய் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருக்கு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மகன் பள்ளியில் படிக்கும்போது சனி, ஞாயிறு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவானாம். என்ன பறவை, எத்தனை, எந்த மரத்தில் கூடு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பானாம். கோவையில் பொறியியல் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தீபாவளிக்கு வந்தவனுக்குப் பேச்சு மாறியிருக்கிறது, முடிவெட்டு மாறியிருக்கிறது. நோட்டை எடுத்துக் காட்டினால் "அதெல்லாம் சின்னப்பிள்ளத்தனம்மா, உள்ள வைங்க" என்கிறானாம். எந்நேரமும் செல்லில் அவனுடைய செட்டுதான். "கூடச் சேர்ந்தவர்கள் ஒரு பிள்ளையை இப்படி இல்லாமல் ஆக்கிவிட முடியுமா? வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பதினோரு வருடம் ஆண்கள் விடுதியில் துணை வார்டனாகவும் இருந்தேன். ஊர் மாறும், பிள்ளை மாறுவான், கேள்வி இதேதான். ஒவ்வொரு வருடமும் தீபாவளி, பொங்கல் முடிந்ததும் யாராவது ஒரு பெற்றோர் கண்கலங்கக் கேட்பார்கள். அதனால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. மாற்ற வேண்டாம் அம்மா. உங்கள் மகன் எங்கும் போய்விடவில்லை, பெரும்பாலும் ஒளிந்துகொண்டிருக்கிறான். ஆனால் ஒளிந்திருக்கிறவனை ரொம்ப நாள் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

ஒளிந்திருக்கிறான் என்று ஏன் சொல்கிறேன்? தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் எங்கள் விடுதிக்கு வந்தான். வந்த முதல் வாரம் மெஸ்ஸில் வரிசையில் நின்றுகொண்டு, பரிமாறுகிறவரிடம் "அண்ணாச்சி, பைய வைங்க, தட்டு சுடுது" என்றான். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் அவன் பெயர் 'அண்ணாச்சி' ஆகிவிட்டது. யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இன்னும் சொன்னால் அவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. இரண்டு மாதத்தில் அவன் வாயில் 'மச்சி'யும் 'ப்ரோ'வும் மட்டும்தான். அவனுடைய 'பைய' போய்விட்டது, 'வாரேன்' போய்விட்டது.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரோ செல்லில் பேசிக்கொண்டிருந்தார்கள். "சாப்டாச்சும்மா... இல்லம்மா, பொறவு பேசுதேன்... தம்பிட்ட குடுங்க... ஏல, ஒழுங்கா படிக்கியால?" என்று அச்சு அசல் நெல்லைத் தமிழ். என்னைப் பார்த்ததும் எழுந்து, செல்லை அணைத்து, "குட் ஈவ்னிங் சார், ரூம்ல டவர் இல்ல, அதான்" என்றான். அந்தக் குரல் வேறு குரல். அறையில் டவர் நன்றாகவே கிடைக்கும், அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். பெற்ற தாயிடம் தன் சொந்தப் பேச்சில் பேச அந்தப் பிள்ளை தினமும் மூன்று மாடி ஏறி ஈரத் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ராகிங் நடந்திருந்தால் எனக்கு வழி தெரியும். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. புகார் எழுதலாம், விசாரிக்கலாம், வெளியே அனுப்பலாம். ஒரு சிரிப்பின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது? பெற்றோர் பலரும் 'கெட்ட பசங்க' யாரோ நம் பிள்ளையைப் பிடித்து வளைக்கிறார்கள் என்றே நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி நடப்பது குறைவு. வளைகிறவன் தானே வளைகிறான், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தானாக ஒரு கணக்குப் போட்டு. அந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாக இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொரு அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் அளவு என்று ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும், தனியாக இருக்கும்போது நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அறையில் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். பதினெட்டுச் சுற்றில் பன்னிரண்டில் அவர்கள் எல்லோரும் ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவனுக்குக் கடைசிக்கு முந்தின இடம். தன் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வதா, எல்லோரும் சொன்னதைச் சொல்வதா? 123 மாணவர்களை இப்படி உட்காரவைத்துப் பார்த்ததில், அந்தச் சுற்றுகளில் வந்த பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலே தப்பாக இருந்தன. நாலில் ஒருவர் மட்டும் கடைசிவரை ஒருமுறைகூடச் சாயவில்லை.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பிறகு அந்த மாணவர்கள் சொன்ன காரணம். கூட்டம் தப்பு என்று தெரிந்தும் ஒத்துப்போனவர்கள் உண்டு. வேறு சிலரோ, மற்ற எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கும்போது தனக்கு மட்டும் வேறு மாதிரி தெரிகிறது என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு, அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனும் இதையேதான் செய்துகொண்டிருந்தான். நெல்லைத் தமிழ் அவனுக்குக் கோளாறாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. உங்கள் மகனுக்கு அந்தப் பறவை நோட்டு அப்படித் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ஆஷ் அதோடு நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவனை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். எதிரே அத்தனை பேர் இருந்தும் தப்பான பதில்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. பிறகு அந்தத் துணையைப் பாதியில் பிரித்தார். துணையாக இருந்தவனே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தால், இவனும் பழையபடி சாய்ந்தான். ஏதோ வேலையாக அறையை விட்டுத் துணை வெளியே போய்விட்டாலோ இவன் அவ்வளவாகச் சாயவில்லை. நம்மோடு நின்ற ஒருவன் இப்போது பக்கத்தில் இல்லாவிட்டாலும், நின்றான் என்பதே கொஞ்ச தூரம் தாங்குகிறது. பிள்ளைகளைத் தூரத்தில் விட்டுவிட்டுத் தவிக்கிற தாய் தகப்பன்மாருக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தென்காசிப் பையனுக்கும் துணை வந்தது. அவன் மூன்றாம் வருடம் படிக்கும்போது சங்கரன்கோவிலிலிருந்து முதலாண்டில் ஒரு பொடியன் சேர்ந்தான். அவனுக்கு யாரைப் பார்த்தும் கூச்சமில்லை, மெஸ் வாசலில் நின்று "எண்ணே, நீங்களும் நம்ம பக்கமாமே!" என்று கத்தினான். இவன் ஒரு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு "ஆமால, பைய பேசு" என்றான். அன்றைக்கும் நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு ஒருவன் மேல் விழுவது வேறு, இரண்டு பேர் மேல் பங்காக விழுவது வேறு. பொங்கலுக்குள் அவர்கள் பேச்சைக் கேட்பதற்கென்றே மற்றப் பையன்கள் அந்த அறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். தொட்டிப் பக்கம் அவனை அப்புறம் நான் பார்க்கவில்லை.

கணக்கு தப்பு என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். எங்கள் துறையில் ஒரு சனிக்கிழமைத் தேர்வுக்கு வகுப்பு முழுக்க மாஸ் பங்க் அடித்தது. முந்தின ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் "நாளைக்கு மாஸ் பங்க், போறவன் துரோகி" என்று போட்டிருக்கிறான். கட்டைவிரல் வரிசையாக விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் லேப் வைவாவுக்கு ஒவ்வொருவனாக வரும்போது, தண்டனைக்காக இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்: "உனக்குத் தேர்வு எழுதப் பிடிக்கலையா?" அநேகமாக எல்லோரும் ஒரே பதில். "நான் படிச்சிருந்தேன் சார். எல்லாரும் வேணும்னாங்க." கடைசியாக, அந்த மெசேஜைப் போட்டவன் வந்தான். அவன் சொன்னது: "எல்லாரும் எதிர்பார்த்தாங்க சார், அதான் போட்டேன்."

அந்த 'எல்லாரும்' யார்? தேடிப் பார்த்தால் ஆளே இல்லை. ஒவ்வொருவனும் தன் ஆசையைத் தனியாக வைத்துக்கொண்டு, மற்றவன் கட்டைவிரலை மட்டும் பார்த்து முடிவெடுத்திருக்கிறான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயத்தைக் குடிப்பழக்கத்தில் காட்டியது. மாணவர்களைத் தனித்தனியாகக் கேட்டால், வளாகத்தில் நடக்கிற குடியில் தங்களுக்கு அவ்வளவு சம்மதம் இல்லை என்றார்கள். மற்ற மாணவர்களுக்கோ தங்களைவிட அதிகச் சம்மதம் இருக்கிறது என்று நம்பினார்கள். எல்லோருமே இப்படி நம்பினால் அது எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைப் பயமுறுத்துவது. ஒரு செமஸ்டர் ஓடுவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்த எண்ணமே, மற்றவர்களுடையது என்று அவர்கள் தப்பாக நினைத்த எண்ணத்தை நோக்கி நகர்ந்திருந்தது. பெண்களிடம் அந்த நகர்வு இல்லை. வேஷம் என்று போட்டது கொஞ்சம் கொஞ்சமாகத் தோலாகிவிடுகிறது. ஒளிந்திருப்பவனை ரொம்ப நாள் விடக்கூடாது என்று மேலே சொன்னது இதனால்தான். முதல் வருடம் 'சின்னப்பிள்ளத்தனம்' என்று வெட்கப்பட்டுச் சொல்கிறவன், நான்காம் வருடம் அதை நிஜமாகவே நம்பிச் சொல்லலாம்.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் 306 பேரை வைத்து ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பதா? தனியாக ஆடும்போது எல்லா வயதினரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆடினார்கள். சேக்காளிகள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து மிகவும் கூடியது. 18 முதல் 22 வரை உள்ளவர்களிடமும் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. சென்னையில் கல்லூரி மாணவர்கள் கொண்டாடுகிற பஸ் டே என்ற பெயரில் பேருந்துக் கூரையில் ஏறுகிற பையனையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2011-லேயே உயர் நீதிமன்றம் தடுத்தது. 2019 ஜூனில் கூரையிலிருந்து கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை ஊரே பார்த்தது. அதில் எந்தப் பையனையும் தனியாக ஒரு காலிப் பேருந்தின் கூரையில் ஏறச் சொல்லுங்கள், ஏறமாட்டான்.

இவ்வளவும் படித்துவிட்டு, கூட்டமே விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் இல்லாமல் தனித்தன்மை என்ற ஒன்று முளைப்பதே இல்லை. ஜூடித் ரிச் ஹாரிஸ் 1995-ல், பிள்ளைகளை உருவாக்குவதில் பெற்றோரைவிட ஒத்த வயதுக் கூட்டத்தின் கை பெரிது என்று எழுதியபோது பலர் கோபப்பட்டார்கள். அவர் காட்டிய சான்று மிக எளியது: குடியேறிய குடும்பத்துப் பிள்ளை வீட்டுப் பேச்சை விட்டுத் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் பேச்சைத்தான் பிடித்துக்கொள்கிறது. டொரன்டோவிலோ லண்டனிலோ உள்ள ஈழத் தமிழ் வீடுகளில் போய் உட்கார்ந்தால் இது காதில் விழும். ஹாரிஸ் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார் என்பது என் அபிப்பிராயம்; தொட்டிக்குப் பின்னால் நான் கேட்ட குரல் வீட்டில் உண்டான குரல்தான். ஆனாலும் கூட்டம் கொடுப்பதை நான் கண்ணால் பார்த்தவன். வாய் திக்குகிறதென்று வருகைப்பதிவுக்கு 'எஸ் சார்' சொல்லவே பயந்த ஒருவனைக் கிரிக்கெட் ஸ்கோர் சொல்ல வைத்து, சிரிக்காமல் காத்திருந்து, பேச வைத்தது அவன் செட்டுதான். எங்கள் ஆலோசனை வகுப்பு எதுவும் அதைச் செய்யவில்லை.

என் கவலை ஒரே கூட்டம் மட்டும் உள்ள பிள்ளையைப் பற்றித்தான். உங்கள் தாலுகாவிலேயே இதன் கொடிய முகம் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிய நிமிடத்தில் அவன் ஓவியம் வரைகிறவனா, கபடி ஆடுகிறவனா, கணக்கில் கெட்டிக்காரனா என்பதெல்லாம் போய், ஒரே ஒரு அடையாளம்தான் மிச்சம். எதிரே வருகிறவனையும் அந்த ஒன்றை வைத்தே பார்க்கிறான். பிறந்த பிறப்பைத் தவிர வேறு எதுவும் செல்லாத கூட்டத்தில் மாட்டிய பிள்ளைக்கு, தன்னுடையது என்று சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பேச்சும் முடியும் சட்டையும் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். 'பன்றியோடு சேர்ந்த கன்றும்' என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால் நீங்களே தடுத்துவிடுங்கள். அவன் செட்டை நீங்கள் பழித்தால், அவர்களுக்காக வாதாடுகிற வேலை அவன் தலையில் விழும். வாதாட வாதாட அவர்களோடு இன்னும் ஒட்டிக்கொள்வான். அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறைக்கு இரண்டு பேரை வீட்டுக்கு அழையுங்கள். கூட்டமாக இருக்கும்போது ஒரே முகமாகத் தெரிகிறவர்கள், உங்கள் அடுப்படித் திண்ணையில் தனித்தனியாக உட்கார்ந்தால் வேறு வேறு பிள்ளைகளாகிவிடுவார்கள். அதில் ஒருவனுக்கு உங்கள் மகனைப் போலவே ஒளித்து வைத்த ஒன்று இருக்கும். மகன் எதிரில் அது வெளியே வந்தால் போதும், அவனுக்குத் துணை கிடைத்த மாதிரி.

எப்போது நிஜமாகவே பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். பழைய சிநேகிதர்கள் ஒருவரோடும் தொடர்பு இல்லை, புதியவர்கள் பெயரைச் சொல்ல மறுக்கிறான், காரணம் சொல்லாமல் பணம் கேட்கிறான், ஒரு மணி நேரம் தனியாக இருந்தாலே தவிக்கிறான், கையில் கயிறோ உடம்பில் காயமோ இருக்கிறது என்றால் தாமதிக்காமல் நேரில் கிளம்பிப் போங்கள். வார்டனையும் வகுப்பு ஆலோசகரையும் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அவனுக்கு இன்னொரு கூட்டம் வேண்டும். கோவை அதற்கு நல்ல ஊர். சிங்காநல்லூர் குளத்திலும் உக்கடம் பெரியகுளத்திலும் தொலைநோக்கியோடு பறவை பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளை எல்லாம் கலந்து நிற்பார்கள். அங்கே கூழைக்கடாவைப் பற்றித் தெரிந்திருப்பது கெத்து. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அவன் வீட்டில் இருக்கிற நாளாகவும் அது அமைந்துவிடுகிறது. நீங்கள் போகச் சொல்ல வேண்டாம்; சொன்னால் போகமாட்டான். இப்படி நடக்கிறது என்ற செய்தி மட்டும் காதில் விழட்டும்.

நோட்டை அவன் சொன்னபடி உள்ளேயே வையுங்கள். பூச்சி அரிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். மார்கழி பிறந்ததும் ஒருநாள் கூந்தன்குளம் வழியாகப் போக நேர்ந்தால், கரையில் இறங்கி ஒரு படம் எடுத்து, குடும்ப குரூப்பில் போடாமல் அவனுக்கு மட்டும் அனுப்புங்கள். "வரித்தலை வாத்து வந்துட்டா இல்லையான்னு எனக்குத் தெரியலய்யா, இதுல எது அதுன்னு சொல்லு" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. அறையில் ஆள் இருப்பார்கள். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் செல்லைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.